ஆல்பத்தில் முகம் இருண்டு வருகிறதா? மானிட்டரை அளந்து பாருங்கள்

"கம்ப்யூட்டர்ல காட்டுனப்ப நல்லா இருந்துச்சேம்மா. ஆல்பத்துல எம்பொண்ணு முகம் மட்டும் ஏன் இப்படி இருட்டா இருக்கு?"

பெங்களூர் அல்சூரில் நடந்த ஒரு கல்யாணத்தின் ஆல்பத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பெண்ணின் அம்மா கேட்ட கேள்வி இது. நான் ஆல்பம் எடிட்டிங் வேலைக்கு வந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. "பொண்ணு மாநிறம் இல்லையாம்மா, பிரிண்ட்ல கொஞ்சம் அப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆல்பத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் சொன்னது தவறு. அந்தப் பெண்ணின் நிறத்துக்கும் அந்த இருட்டுக்கும் சம்பந்தமே இல்லை. என் மேசைமேல் இருந்த மானிட்டர்தான் காரணம். அது எனக்குப் புரிய இன்னும் ஒரு வருடம் ஆனது.

இந்தத் தொழிலில் இப்போது 14 வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் கல்யாண வீட்டுக்காரர்களுக்கு இதே பதிலைச் சொல்லி அனுப்புகிற ஸ்டுடியோக்களைப் பார்க்கிறேன். மனது கேட்காமல்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கடையில் பத்து மானிட்டர்களுக்கு நடுவே பளிச்சென்று தெரியவேண்டும் என்பதால், வெளிச்சத்தை ஏற்றி வைத்தே பல மானிட்டர்கள் வருகின்றன. பெங்களூரின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் வாங்கிவந்து, பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டினால் 250, 300 நிட் என்று எரியும். நிட் என்பது திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு. பிரிண்டுக்குப் போகிற படத்தைத் திருத்த, சாதாரண அறை வெளிச்சத்தில் 80 முதல் 120 நிட் போதும். 300 நிட்டில் உட்கார்ந்திருக்கும் எடிட்டருக்குப் படம் தேவைக்கு மேல் வெளிச்சமாகத் தெரியும். உடனே எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தைக் குறைப்பார். திரையில் அழகாகிவிடும், ஃபைலில் இருட்டு ஏறிவிடும். காகிதத்துக்குப் பின்னால் விளக்கு எரிவதில்லை. ஃபைலில் இருக்கிற இருட்டு அப்படியே ஷீட்டில் இறங்கும். 300 நிட்டுக்கும் 120 நிட்டுக்கும் உள்ள வித்தியாசம் கேமராக் கணக்கில் ஒரு ஸ்டாப்புக்கும் மேல். ஒரு ஸ்டாப் இறங்கினால் வெளிச்சம் பாதியாகிவிடும்.

இதில் முதலில் அடிபடுவது நம்முடைய நிறம்தான். வெளுத்த தோலின் வெளிச்சம் இன்னும் இறங்க இடம் இருக்கிறது. ஒரு ஸ்டாப் இருட்டினாலும் முகம் முகமாகவே தெரியும். மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் கன்னம், தாடை, கழுத்து எல்லாம் ஏற்கெனவே நடுவெளிச்சத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருப்பவை. அங்கிருந்து இன்னும் இறக்கினால் கண்மையும் புருவமும் ஒன்றாகிவிடும். தாடையின் ஓரம் கூந்தலில் கரையும். கன்னத்தில் விழுந்த அந்த மெல்லிய பளபளப்பு காணாமல் போகும். அப்புறம் வருகிறது இரண்டாவது கொடுமை. அடுத்த முறை அந்த எடிட்டர் முன்னெச்சரிக்கையாக முகத்தை மட்டும் வெளுக்கவைத்து அனுப்புவார். கறுப்பான பெண் அழகாகவே இருந்தாள். அவளை இருட்டாக்கியதும் தப்பு, சாம்பல் பூசிய மாதிரி வெளுக்கவைப்பதும் தப்பு.

இதைச் சொன்னால் அனுபவமுள்ள பலர் "என் கண்ணுக்குத் தெரியாதா?" என்பார்கள். மரியாதையோடு சொல்கிறேன், தெரியாது. யார் கண்ணுக்கும் தெரியாது. வெள்ளை வேட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் அது வெள்ளை. மரநிழலில் நீலம் கலந்த வெளிச்சத்திலும் வெள்ளை. கேமராவில் எடுத்துப் பார்த்தால் முதலாவது மஞ்சளாகவும் இரண்டாவது நீலமாகவும் இருக்கும். நம் கண், சுற்றியுள்ள வெளிச்சத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டு வேட்டியை வெள்ளையாகவே நமக்குக் காட்டுகிறது. வாழ்வதற்கு இது பெரிய வசதி, நிறம் திருத்துவதற்கு இதுவே தடை. நீலம் தூக்கலான மானிட்டர் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அந்த நீலம் உங்களுக்கு வெள்ளையாகிவிடும். பல மானிட்டர்கள் நீலம் தூக்கலாகத்தான் வருகின்றன. அதற்கு எதிராக நாம் அறியாமலே மஞ்சளையும் சிவப்பையும் ஏற்றிக்கொண்டே போவோம். நலங்குக்குப் பூசிய மஞ்சள் முகூர்த்தம் வரைக்கும் கலையாத மாதிரி ஒரு ஆல்பம் வந்தால், காரணத்தை இங்கேயும் தேடலாம்.

அதனால் அளந்துதான் ஆகவேண்டும். அதற்கு கலரிமீட்டர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும், யு.எஸ்.பி.யில் மாட்டலாம். ஸ்பைடர், கேலிப்ரைட் என்ற பெயர்களில் கிடைப்பவை நம் ஊரில் அதிகம் புழங்குகின்றன. திரையின் நடுவில் அதைத் தொங்கவிட்டு மென்பொருளை ஓட்டினால், திரையில் கறுப்பு, சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாக நிறக்கட்டங்கள் வந்துபோகும். அந்தக் கட்டத்தில் வரவேண்டிய நிறம் எது, வந்த நிறம் எது என்று கருவி குறித்துக்கொள்ளும். இதில் இரண்டு வேலை நடக்கிறது. முதல் வேலை கேலிபரேஷன், அதாவது வெளிச்சத்தையும் வெள்ளையையும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கொண்டுவருவது. அடுத்தது ப்ரொஃபைல். சரிசெய்த பிறகும் அந்தத் திரையில் மிச்சமிருக்கும் குணங்களை எழுதிவைத்த குறிப்பு அது. போட்டோஷாப், லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் அதைப் படித்துத்தான் நிறத்தைச் சரியாகக் காட்டுகின்றன. இன்னொருவர் மானிட்டரின் ப்ரொஃபைலை இணையத்திலிருந்து இறக்கிப் போட்டுக்கொள்வது பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியை நாம் மாட்டிக்கொள்வது போல. ஒரே மாடல் என்றாலும் ஒரு திரை போல இன்னொன்று இருக்காது.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். மானிட்டரைப் போட்டு அரை மணி நேரம் எரியவிடுவேன், குளிர்ந்த திரையின் நிறம் நிலையாக இருக்காது. திரையை மஞ்சளாக்கும் இரவு வெளிச்சம், அறை வெளிச்சத்துக்கேற்ப நிறத்தை மாற்றும் ட்ரூ டோன், தானாக வெளிச்சம் மாறும் வசதி எல்லாவற்றையும் அணைப்பேன். மானிட்டரின் மெனுவில் 'விவிட்', 'கேம்' மாதிரியான எதிலாவது இருந்தால் கஸ்டமுக்கு மாற்றுவேன். பிறகு மென்பொருளில் வெள்ளைப் புள்ளி (வெள்ளை எவ்வளவு மஞ்சளாக அல்லது நீலமாக இருக்கவேண்டும் என்ற அளவு) 6500 கெல்வின், காமா (கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் உள்ள வெளிச்சம் ஏறும் விதம்) 2.2, வெளிச்சம் 110 நிட் என்று கொடுப்பேன். வெளிச்சத்தையும் சிவப்பு, பச்சை, நீல அளவுகளையும் மானிட்டரின் சொந்தப் பட்டன்களிலேயே முடிந்தவரை சரிசெய்துவிட வேண்டும். எல்லாவற்றையும் கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் கட்டினால் வானத்திலும் பின்னணித் துணியிலும் பட்டை பட்டையாகக் கோடு விழும். மிச்சத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும், கால் மணி நேர வேலை. கடைசியில் டெல்டா ஈ என்று ஒரு எண் வரும். வரவேண்டிய நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள இடைவெளி அது. சராசரி 2க்குக் கீழே இருந்தால் நிம்மதியாக வேலையை ஆரம்பிக்கலாம்.

முடிந்ததும் திரையைப் பார்த்தால் உங்களுக்குப் பிடிக்காது. மங்கலாக, மஞ்சளடித்துத் தெரியும். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் பழையபடி திருப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து இரண்டு நாள் பொறுங்கள். நீலத்துக்குப் பழகிய கண் மெல்லத் திரும்பும். அதன்பிறகு பழைய அமைப்பை ஒரு தடவை போட்டுப் பாருங்கள், டியூப்லைட்டை நேராகப் பார்த்த மாதிரி இருக்கும்.

கருவி வாங்க இன்னும் வழியில்லை என்றால், குறைந்தபட்சம் வெளிச்சத்தையாவது குறையுங்கள். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அறை விளக்கின் கீழ் ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடியுங்கள். தாள் தாளாகவும் திரை விளக்காகவும் தெரிந்தால், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்வரை மானிட்டரின் வெளிச்சத்தை இறக்குங்கள். இது துல்லியமான முறை இல்லை. ஆனாலும் இருண்ட ஆல்பங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேலையிலேயே தப்பித்துவிடும் என்பது என் அனுபவம்.

அறையையும் கவனியுங்கள். என் அறைச் சுவர் முதலில் கிளிப்பச்சையாக இருந்தது. வீட்டு ஓனரிடம் கெஞ்சி வெளிர் சாம்பல் அடித்தேன். ஜன்னலுக்குக் கனமான திரை போட்டிருக்கிறேன். பெங்களூரில் காலையில் சுள்ளென்று அடிக்கும் வெயில் மதியத்துக்குமேல் மேகத்துக்குள் போய்விடும். அந்த வெளிச்சத்தை நம்பி உட்கார்ந்தால் காலையில் திருத்திய படத்துக்கும் சாயங்காலம் திருத்திய படத்துக்கும் ஒட்டாது. பளபளப்பான திரை உள்ளவர்கள் வேலை நேரத்தில் அடர்ந்த மஞ்சள், சிவப்புச் சட்டையைத் தவிர்ப்பது நல்லது. அது திரையில் பிரதிபலித்துப் படத்தின்மேல் விழும்.

சரி, கேலிபரேஷன் செய்துவிட்டால் எல்லா நிறமும் வந்துவிடுமா? வராது. இதைச் சிக்பேட்டையில் ஒரு பட்டுக்கடைக்கு கேட்டலாக் செய்தபோது நன்றாகக் கற்றுக்கொண்டேன். பெரும்பாலான திரைகள் 1996இல் முன்வைக்கப்பட்ட எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைக்குள்தான் வேலை செய்கின்றன. விலை குறைந்த லேப்டாப் திரைகள் பல, அந்த எல்லையையே முழுதாகத் தொடுவதில்லை. பட்டில் வருகிற சில அடர்ந்த நீலப்பச்சைகள் அந்த எல்லைக்கு வெளியே இருக்கின்றன. திரையால் காட்ட முடியாத நிறத்தைக் கருவியால் உண்டாக்க முடியாது. குங்குமச் சிவப்பில் இன்னொரு சிக்கல், ஃபைலில் சிவப்பின் அளவு மட்டும் அதன் உச்சமான 255ஐத் தொட்டு நின்றுவிடும். புடவையின் மடிப்பும் புட்டாவும் ஒரே சிவப்புத் தகடாகிவிடும். இதைத் திரையில் பார்த்துக் கண்டுபிடிக்காதீர்கள், படத்தில் எந்த அளவு வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பை மட்டும் தனியாகப் பாருங்கள்.

மயில்கழுத்துப் புடவையோ தனிக் கதை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். தறியிலேயே இரண்டு நிறமாக நெய்த துணி, சாய்த்துப் பிடிக்கிற கோணத்துக்கு ஒரு நிறம் காட்டும். அதை ஒரே படத்தில் சரியாகக் காட்ட எந்த மானிட்டராலும் முடியாது. கடைக்காரரிடம் சொல்லி அதற்கு மட்டும் இரண்டு கோணத்தில் இரண்டு படம் போட்டோம். "படத்துல பச்சை, வந்தது நீலம்" என்று திரும்பி வந்துகொண்டிருந்த புடவைகள் அதன்பிறகு குறைந்தன என்று அவர் சொன்னார்.

வாங்குகிறவர் கைபேசியில் எப்படித் தெரியுமோ, நாம் மட்டும் எதற்கு மெனக்கெட வேண்டும் என்றும் கேட்கிறார்கள். அவர்கள் கைபேசிகளில் ஒன்று சிவப்பு தூக்கலாக இருக்கும், இன்னொன்று நீலம் தூக்கலாக இருக்கும். நீங்கள் நடுவில் சரியாக நின்றால் எல்லோருக்கும் கொஞ்சம்தான் விலகும். நீங்களே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அந்தப் பக்கம் சாய்ந்த கைபேசியில் தப்பு இரட்டிப்பாகும்.

கடைசியாக, ஆல்பத்தைப் பிரிண்ட் போடும் லேப். ஆரம்பத்தில் ஒவ்வொரு இருண்ட ஆல்பத்துக்கும் நான் லேப் பையனிடம் சண்டை போட்டிருக்கிறேன். "அக்கா, நீங்க அனுப்புன ஃபைலே அப்படித்தான் இருக்கு" என்பான். அவன் சொன்னது உண்மை. இப்போது எந்த லேபுக்குப் போனாலும் நான் கேட்பது இரண்டு: அவர்களுடைய தாளுக்கான ப்ரொஃபைல் தருவார்களா, தானியங்கிக் கரெக்ஷன் இல்லாமல் ஒரு ஷீட் அடித்துத் தருவார்களா. அந்த ஒரு ஷீட்டில் ஒரு மாநிற முகம், ஒரு கறுப்பு முகம், ஒரு வெள்ளை வேட்டி, ஒரு சாம்பல் கட்டம் நான்கையும் வைத்து அனுப்புவேன். வந்ததை ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பார்ப்பேன், எல்.இ.டி. பல்பின் கீழ் பார்ப்பதில்லை. மலிவான பல்புகளில் சிவப்பு குறைவு, தோல் செத்துத் தெரியும். ஷீட்டின் நிறம் ஒத்துவரவில்லை என்றால் மானிட்டரின் நிறங்களைத் திருகி அதற்கு ஒத்துவரச் செய்யாதீர்கள். நாளைக்கு வேறு லேப், வேறு தாள் என்று மாறினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும். திருத்தம் ஃபைலில் இருக்கட்டும், மானிட்டரை அளவுகோலாக அப்படியே விட்டுவிடுங்கள்.

நானும் பக்கத்தில் உள்ள மூன்று ஸ்டுடியோக்காரர்களும் பணம் போட்டு ஒரே கருவியை வாங்கிவைத்திருக்கிறோம். பின்விளக்கு எரிய எரிய நிறம் மாறும் என்பதால் மாதம் ஒருமுறை அளக்கிறோம். முதல் வாரம் என் முறை. அளந்த தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவிட்டு, கருவியை உறையில் போட்டு அடுத்த ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிடுகிறேன்.