பல்லைப் பார்த்து வயது: இங்கிலாந்தின் பழைய சட்டங்கள்

பிறப்புச் சான்றிதழ் இல்லாத பையனுக்கு ஒன்பது வயது நிறைந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1833-இல் பிரிட்டனில் தொழிற்சாலைச் சட்டம் வந்தபோது இதுதான் பெரிய தலைவலி. பட்டாலைகளுக்கு விலக்கு; மற்ற நெசவு, நூற்பு ஆலைகளில் ஒன்பது வயதுக்குக் கீழே யாரையும் வைக்கக்கூடாது. பதின்மூன்று நிறையாதவர்களுக்கு நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48, அதற்கு மேல் கூடாது. ஆனால் இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1837-இல்தான்.

அதனால் பொறுப்பை மருத்துவர் தலையில் கட்டினார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வழக்கமாக இருக்கும் உடல்பலமும் தோற்றமும் இருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்தால் போதும். வயதுக்குச் சான்று என்று பெயர், பார்த்ததோ உடம்பை! வாட்டசாட்டமான எட்டு வயதுப் பிள்ளை சுலபமாக உள்ளே போய்விடலாம். உயரத்தைவிட பல் நம்பகமானது என்று எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் 1837-இல் வாதாடினார். நிலையான பற்கள் முளைக்கும் வரிசையை வைத்து வயதைக் கணிக்கலாம் என்பது அவர் கட்சி.

பள்ளிக்கூடத்துக்கும் ஒரு சீட்டு உண்டு. ஆலைப் பிள்ளை தினமும் இரண்டு மணி நேரம் படித்ததாக ஆசிரியர் சான்று தர வேண்டும். அதில் கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்த ஆசிரியர்களும் இருந்தார்கள். அப்புறம் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? 1844 சட்டம் ஆசிரியரே தன் கையால் சீட்டை நிரப்ப வேண்டும் என்றது. பாதி நாள் ஆலை, பாதி நாள் பள்ளி என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. கூடவே குறைந்தபட்ச வயதை எட்டாக இறக்கியது! அந்தப் பாதிநாள் முறைக்கு முடிவு கட்டியது 1918 கல்விச் சட்டம்தான்.

மருத்துவர் பள்ளிக்குள் முறைப்படி நுழைந்தது 1907 சட்டத்தால். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுக்கப் போன இடத்தில் ஏராளமான இளைஞர்கள் உடல் தகுதியில்லாமல் திரும்பியதுதான் அரசை உலுக்கியது. 1908 முதல் உள்ளூர்க் கல்வி அமைப்புகள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிப்பது கட்டாயம்: எடை, உயரம், கண், காது, தொண்டை, பல், தலையில் பேன். சரி, குறை தெரிந்தால்? வைத்தியம் பார்க்க அமைப்புக்கு அனுமதிதான் இருந்தது, கட்டாயம் இல்லை. 1909-இல் அதற்கான செலவைப் பெற்றோரிடம் வசூலிக்கவும் வழி செய்தார்கள்.

1933-இல் வந்த சிறார் சட்டம் பள்ளி நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, காலை 6 மணிக்கு முன்னும் இரவு 8 மணிக்குப் பின்னும் கூடாது என்றது. விடிகாலையில் பேப்பர் போடும் பையனுக்கும் இந்தக் கடிகாரம்தான்.

நம் நாட்டுக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 1881-இல் ஆங்கிலேயர் இந்தியாவுக்குப் போட்ட தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயது நிறைந்தால் போதும் என்றது. சான்று தரும் மருத்துவரோ 1948 தொழிற்சாலைச் சட்டத்திலும் இருந்தார். அவரிடம் உடல்தகுதிச் சான்று பெற்ற வளரிளம் தொழிலாளி அதற்கான டோக்கனை வேலை நேரத்தில் கூடவே வைத்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம்.