பந்தயத் தடத்தில் பிரேக்கைத் தோற்கடிப்பது எது?

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் அங்கேதான் இருக்கிறது. 3.717 கி.மீ. நீளம், 12 வளைவுகள். அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்டிப்போகும் காரையே கொண்டுவந்து முழு வேகத்தில் ஓட்டிப்பார்க்கும் நாட்களை ‘டிராக் டே’ என்கிறார்கள். முதல்முறை வருகிறவர்களில் பலர் எஞ்சின், சைலன்சர், வீல் என்று செலவழித்துவிட்டு வருகிறார்கள். ஆனால் நாலைந்து சுற்றுக்குள் முதலில் கைவிடுவது பெரும்பாலும் பிரேக்தான். உடனே ‘இன்னும் பவரான பிரேக் வேண்டும்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பிரேக் தோற்பது பலம் போதாமல் அல்ல, சூடு தாங்காமல்.

பிரேக் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவது. அந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். ஓட்டுநரோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். அண்ணா சாலையில் 40 கி.மீ. வேகத்தில் போய் சிக்னலில் நின்றால், பிரேக் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் சுமார் 62 கிலோஜூல். அதே கார் பந்தயத் தடத்தின் நேர்ப்பாதையில் 150-ஐத் தொட்டு, வளைவுக்காக 60-க்குக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சுமார் 730 கிலோஜூல். முப்பது டிகிரியில் இருக்கும் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு.

அடுப்பில் அந்தத் தண்ணீர் கொதிக்கப் பல நிமிடம் பிடிக்கும். பிரேக்கோ மூன்று வினாடிக்குள் அந்த வெப்பத்தை உண்டாக்கிவிடுகிறது. திறனாகக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 350 குதிரைத்திறன். 100 குதிரைத்திறன் எஞ்சின் பொருத்திய காரின் பிரேக், அந்தச் சில வினாடிகளுக்கு எஞ்சினைப்போல மூன்றரை மடங்கு வேலை செய்கிறது.

இந்த வெப்பம் நாலு சக்கரத்துக்கும் சமமாகப் பிரிவதில்லை. பிரேக் போட்டதும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால், முன் சக்கரங்கள்தான் சுமார் 70 சதவீத வேலையைச் செய்கின்றன. அதாவது முன் சக்கரத்தோடு சுழலும் தட்டான டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 255 கிலோஜூல். சிறிய காரின் முன் டிஸ்க் 5 கிலோ வார்ப்பிரும்பு என்று கொண்டால், ஒரே ஒரு அழுத்தலில் அதன் வெப்பநிலை 100 டிகிரிக்கு மேல் ஏறும். அடுத்த வளைவு வருவதற்குள் அந்தச் சூடு காற்றில் கழிந்தாக வேண்டும். முழுக்கக் கழியாது. மிச்சம் நின்றுவிடும், அதன்மேல் அடுத்த சூடு ஏறும். அப்படியே ஏறிக்கொண்டு போய், உண்டாகும் சூடும் வெளியேறும் சூடும் சமமாகும் ஓரிடத்தில் நிலைகொள்ளும். அந்த இடம், டிஸ்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடும், பிரேக் ஆயிலும் தாங்கும் எல்லைக்குள் இருந்தால் நாள் நல்லபடியாகப் போகும். எல்லையைத் தாண்டினால் போகாது.

இங்கே சென்னைக்காரர்களுக்கு இயல்பாக ஒரு சந்தேகம் வரும்: நம்ம ஊர் வெயிலில் பிரேக் சீக்கிரம் சூடாகிவிடாதா? கணக்குப் போட்டால் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. காற்றால் வெப்பம் வெளியேறும் வேகம், டிஸ்குக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. டிஸ்க் 400 டிகிரியில் இருக்கும்போது, 25 டிகிரிக் காற்றில் வித்தியாசம் 375. அக்னி நட்சத்திரத்தின் 40 டிகிரிக் காற்றில் 360. நான்கு சதவீதம்தான் குறைவு. வெயில் டயரை வாட்டும், எஞ்சினை வாட்டும், ஓட்டுகிறவரையும் வாட்டும். பிரேக்குக்கு நம் ஊரில் இருக்கும் உண்மையான எதிரி வேறு: கடற்காற்றின் ஈரம்.

பிரேக் பெடலை மிதித்தால் அந்த விசையைச் சக்கரம்வரை கொண்டுபோவது திரவம். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசைக்கும் அப்படியே பரவும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதி. திரவம் அநேகமாகச் சுருங்காது என்பதால்தான் இது வேலை செய்கிறது. மெக்கானிக்குகள் ‘பிரேக் ஆயில்’ என்று சொன்னாலும் அது எண்ணெய் அல்ல, கிளைகால் ஈதர் வகை வேதிப்பொருள். அதன் குணமே ஈரத்தை உறிஞ்சுவது. ரப்பர் ஹோஸ் வழியாக, திரவத் தொட்டி மூடியின் காற்றுத்துளை வழியாக, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும்.

டப்பாவில் போட்டிருக்கும் ‘டாட்’ எண்ணுக்குப் பொருள் இதுதான். டாட் 3 திரவத்தின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் 140. டாட் 4-க்கு 230-ம் 155-ம். டாட் 5.1-க்கு 260-ம் 180-ம். வெறும் 3.7 சதவீதத் தண்ணீர், கொதிநிலையில் 65 முதல் 80 டிகிரி வரை தின்றுவிடுகிறது. கடலோர ஊரில் மூன்று நான்கு வருடம் மாற்றாமல் ஓடிய வண்டியில் இருக்கும் திரவத்தை நம்பிப் பந்தயத் தடத்துக்குப் போவது ஆபத்து. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஓட்டத்தில், பிஸ்டனால் பேடை டிஸ்கோடு அழுத்தும் காலிப்பர் அவ்வளவு சூடாவதில்லை, அதனால் குறை தெரியாது. தடத்தில் டிஸ்கின் சூடு பேடைக் கடந்து, பிஸ்டனைக் கடந்து, திரவத்தைத் தொடும். ஓரிடத்தில் கொதித்தால் போதும், ஆவிக்குமிழி உண்டாகும். ஆவி சுருங்கக்கூடியது. நீங்கள் மிதிக்கும் மிதி குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

இதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் ஓரளவு பழையபடி கெட்டியாகும். ‘சரியாகிவிட்டது’ என்று நினைத்துத் திரும்பத் தடத்தில் இறங்குவார்கள். ஒருமுறை கொதித்த திரவம் மறுபடி கொதிக்கும். அதை மாற்றாமல் அடுத்த சுற்றுக்குப் போகவே கூடாது.

பிரேக் தோற்கும் இரண்டாவது வழி பேடில் இருக்கிறது. பிரேக் பேடு என்பது உலோகத்தூள், நார், கிராஃபைட் போன்றவற்றை ஃபீனாலிக் பிசினால் கட்டி, அழுத்திச் சுட்ட கலவை. வீட்டு உபயோகத்துக்கான பேடு, வண்டியை வெளியே எடுத்த முதல் நிமிடத்திலேயே பிடிக்க வேண்டும், சத்தம் போடக் கூடாது, டிஸ்கைத் தின்னக் கூடாது என்று செய்யப்படுகிறது. அதற்குரிய வெப்ப எல்லையைத் தாண்டினால் பிசின் சிதைந்து வாயுவாக வெளியேறும், உராய்வு சரியும். அப்போது பெடல் கல்லாக இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். எரிந்த நாற்றமும் வரும்.

இந்த இரண்டையும் காலாலேயே பிரித்தறியக் கற்றுக்கொள்வது, எந்தப் பாகத்தை வாங்குவதையும்விட முக்கியம் என்பேன். பெடல் பஞ்சாகி உள்ளே போனால் திரவம் கொதித்திருக்கிறது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் பேடு தோற்றிருக்கிறது. நோய் தெரியாமல் மருந்து வாங்குகிறவர்கள்தான் நேராகச் சிவப்புப் பெயிண்ட் அடித்த பெரிய காலிப்பரில் போய் நிற்கிறார்கள்.

பெரிய காலிப்பரும் பெரிய டிஸ்கும் என்ன தரும்? டிஸ்கின் ஆரம் கூடினால் அதே அழுத்தத்துக்கு முறுக்குவிசை கூடும். ஆனால் முதல் சுற்றில் பிரேக்கை ஓங்கி மிதித்ததும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் படபடக்கிறதா என்று பாருங்கள். படபடத்தால், சக்கரத்தைப் பூட்டும் அளவு விசை ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் வண்டியை நிறுத்துவது டயருக்கும் தாருக்கும் இடையிலான பிடிமானம்தான். பெரிய டிஸ்கின் நிஜமான லாபம் அதன் எடையும் பரப்பும்: அதிக இரும்பு அதிகச் சூட்டை வாங்கும், அதிகப் பரப்பு அதைச் சீக்கிரம் விடும். அந்த லாபத்துக்கு விலையும் உண்டு. முன்பக்கம் மட்டும் பெரிதாக்கினால் முன்-பின் சமநிலை குலையும். காலிப்பரின் பிஸ்டன் பரப்பு கூடினால், பெடலின் மிதியைத் திரவத்துக்குக் கடத்தும் பழைய மாஸ்டர் சிலிண்டரால் அதை நிரப்ப பெடல் அதிக தூரம் போக வேண்டும். வண்டியின் ஏபிஎஸ்ஸும் பழைய பிரேக்குக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது. போதாததற்கு, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. சாலையிலும் ஓடும் வண்டிக்கு இது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

டிஸ்க் பிரேக் பந்தயத்தில் பேர் வாங்கியதும் சூட்டைச் சமாளித்த விதத்தால்தான். 1902-லேயே இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அது தன்னை நிரூபிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953-ல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் வென்றது. டிரம் பிரேக்கில் சூடு கூட்டுக்குள்ளேயே அடைபட்டுக்கிடக்கும். டிஸ்க் காற்றில் நேராக நிற்கிறது.

அப்படியானால் வீட்டில் செய்யக்கூடியது எது? முதலில் திரவம். வண்டிக்கு டாட் 4 சொல்லியிருந்தால் நல்ல டாட் 4 அல்லது 5.1 போடலாம். பந்தயத்துக்கென்றே 300 டிகிரிக்கு மேல் கொதிநிலை உள்ளவையும் கிடைக்கின்றன. அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும். பெயரில் ஒத்திருக்கும் டாட் 5 சிலிக்கோன் வகை, அதை இவற்றோடு கலக்கவே கூடாது. உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் சரி, வேறெங்கு வாங்கினாலும் சரி, சீல் உடையாத டப்பாவைப் பில்லோடு வாங்குங்கள். போன வருடம் திறந்துவைத்த பாதி டப்பா பந்தயத் தடத்துக்கு உதவாது.

வண்டியை ஜாக்கியில் தூக்கியதும் கட்டாயம் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கையை விடாதீர்கள். ப்ளீட் செய்ய, அதாவது பழைய திரவத்தை வெளியேற்றிப் புதியதை நிரப்ப, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் காலிப்பரின் நிப்பிளைத் திறந்து, குழாய் வழியாகப் பழையதை வெளியேற்றி, பெடல் மேலே வருவதற்கு முன் மூட வேண்டும். மேலே வண்டியின் திரவத் தொட்டியில் திரவம் ஒருபோதும் அடிமட்டத்துக்கு இறங்கக் கூடாது. இறங்கினால் காற்று புகுந்துவிடும்; அது ஏபிஎஸ் பெட்டிக்குள் போய்விட்டால் எடுக்க ஸ்கேனர் தேவைப்படலாம். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்துச் செய்யுங்கள். திரவம் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயிண்ட் உரிந்துவிடும்.

அடுத்தது பேடு. நாட்டின் பெரிய பிரேக் நிறுவனங்களில் சில நம் ஊரில்தான் இருக்கின்றன: பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும், அம்பத்தூரில் ராணே குழுமத்தின் பிரேக் லைனிங் பிரிவும். தடத்துக்கான பேடைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது அதன் வெப்ப வரம்பு. முழுப் பந்தயப் பேடு சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வீட்டு வாசலில் குழந்தை குறுக்கே ஓடினால் அது கைவிட்டுவிடும். அதனால் சாலைக்கும் தடத்துக்கும் இடைப்பட்ட வகையைப் போடுங்கள், அல்லது தடத்தில் மாற்றிப் போட்டுவிட்டுத் திரும்பும்போது பழையதை மாட்டுங்கள். பழைய தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அது நுரையீரலுக்குப் போகக் கூடாத தூசி.

புதுப் பேடைப் போட்டதும் நேராக முழு வேகத்துக்குப் போகக் கூடாது. பேடின் பொருள் டிஸ்கின்மேல் மெல்லிய படலமாகச் சீராகப் படிய வேண்டும். நல்ல உராய்வு அந்தப் படலத்துக்கும் பேடுக்கும் இடையில்தான் நடக்கிறது. நடுத்தர வேகத்திலிருந்து பலமுறை அழுத்தமாக வேகம் குறைத்து, முழுக்க நிறுத்தாமல், பிறகு ஆறவிட வேண்டும். இதை ஈ.சி.ஆரில் இரவில் செய்யாதீர்கள், தடத்தின் முதல் சுற்றுகளிலேயே செய்யலாம். ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று மெக்கானிக் சொல்லும் நடுக்கத்துக்கு, பல சமயம் படலம் திட்டுத்திட்டாகப் படிந்ததுதான் காரணம்.

ரப்பர் ஹோஸுக்குப் பதில் ஸ்டீல் பின்னிய ஹோஸ் போட்டால் பெடல் கெட்டியாகும், ஆனால் சூட்டுக்கு அது மருந்தல்ல. அதைவிடக் காற்றுக்குழாய்க்கு முன்னுரிமை கொடுப்பேன். பம்பரின் திறப்பிலிருந்து ஒரு குழாயை டிஸ்கின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். இரட்டைத் தகடு டிஸ்கின் உள்ளே இருக்கும் இறகுகள், சுழலும்போது காற்றை நடுவிலிருந்து உறிஞ்சி ஓரத்தில் தள்ளுகின்றன. டிஸ்கின் ஒரு முகத்தில் மட்டும் காற்றை அடித்தால் இரண்டு பக்கமும் ஒரேபோல ஆறாது. துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. கடும் சூட்டில் துளையிலிருந்துதான் விரிசல் தொடங்கும். துளை இல்லாததையே போடுங்கள். செலவழித்ததற்குப் பலன் இருந்ததா என்று அறிய, குறிப்பிட்ட வெப்பத்தில் நிறம் மாறி அப்படியே நின்றுவிடும் ஸ்டிக்கரைக் காலிப்பரில் ஒட்டிவிடலாம். ஊகம் இல்லாமல் எண் கிடைக்கும்.

கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டுங்கள். வேகமாக வந்து அப்படியே நிறுத்தினால் காற்றோட்டம் நின்று, டிஸ்கின் சூடு காலிப்பருக்குள் ஏறும். ஓடும்போது கொதிக்காத திரவம் நிற்கும்போது கொதிக்கலாம். சூட்டோடு ஹேண்ட் பிரேக்கும் போடாதீர்கள், கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வீல் ஆறிய பிறகு டிஸ்கைப் பாருங்கள். மேற்பரப்பில் முடிபோன்ற விரிசல் கோடுகள் இருந்தால் பரவாயில்லை. கோடு டிஸ்கின் ஓரத்தைத் தொட்டிருந்தாலோ, தடிமன் அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருந்தாலோ, அந்த டிஸ்கோடு வீட்டுக்குக்கூட ஓட்டாதீர்கள். டிரக்கில் ஏற்றிக்கொண்டு போங்கள்.