விளம்பரத் தடுப்பான் எதைத் தடுக்கிறது?

செய்தித் தளமொன்றைத் திறக்கும்போது ஒரே பக்கம் வந்து சேர்வதுபோலத் தோன்றினாலும், உலாவி அப்பக்கத்தின் அமைப்பை விவரிக்கும் எச்டிஎம்எல் கோப்பைப் படித்துக்கொண்டே போய், அதில் சுட்டப்பட்ட படங்களையும் நிரல்களையும் தனித்தனியே வெவ்வேறு வழங்கிகளிடம் (சர்வர்களிடம்) கேட்டுப் பெறுகிறது. விளம்பரமும் அவ்வாறு கேட்டு வாங்கப்படுவதுதான்; பெரும்பாலும் தளத்துக்குச் சொந்தமில்லாத வழங்கியிலிருந்து வருகிறது. யூபிளாக் ஆரிஜின் போன்ற விளம்பரத் தடுப்பான்கள், அதாவது உலாவியில் சேர்த்துக்கொள்ளும் நீட்சிகள், அந்தக் கோரிக்கை வெளியேறும் முன்பே அதை மறித்துவிடுகின்றன. கேட்காத விளம்பரத்துக்குத் தரவுச் செலவு இல்லை. அதனுடன் ஒட்டிக்கொண்டு வரும் வேவு நிரலும் உள்ளே நுழைவதில்லை.

எதை மறிப்பது என்பதைத் தடுப்பான் ஊகிப்பதில்லை. 2005-இல் தொடங்கிய ஈஸிலிஸ்ட் முதலான பட்டியல்களில் எந்த முகவரிகளை மறிக்க வேண்டும் என்று சொல்லும் பல்லாயிரம் விதிகள் உள்ளன. ஒவ்வொரு கோரிக்கையையும் அத்தனை விதிகளோடும் ஒப்பிட்டால் உலாவி திணறிவிடும். ஆகவே ஒவ்வொரு விதியும் அதிலுள்ள ஏதேனும் ஒரு சொல்துண்டின்கீழ், அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல, முன்கூட்டியே அடுக்கப்படுகிறது. கோரிக்கையின் முகவரியில் காணப்படும் துண்டுகளுக்குரிய சில விதிகள் மட்டுமே சோதிக்கப்படுகின்றன. பயனர் கண்ணுக்குத் தெரியாத இந்த ஏற்பாட்டைத்தான் தடுப்பானின் உண்மையான சாமர்த்தியம் என்பேன். குக்கி அனுமதி கேட்கும் பெட்டி, விளம்பரம் விட்டுச்சென்ற வெற்றிடம் போன்றவற்றை மறைப்பது எளிய வேலை. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் ஒரு வரி போதும்.

முகவரியை நம்பும் முறைக்கு முகவரியே எதிரி. சில வேவு நிறுவனங்கள், செய்தித் தளத்தின் துணைப்பெயர் ஒன்றை, தளப்பெயருக்குரிய வழங்கியைக் காட்டும் டிஎன்எஸ் பதிவின் வழியே தம் வழங்கிக்குத் திருப்பிக்கொண்டு, வீட்டு ஆள்போல உள்ளே வருகின்றன. ஃபயர்பாக்ஸ் உலாவி, நீட்சிகளுக்கு டிஎன்எஸ் விவரம் கேட்கும் வசதியை அளிப்பதால், 2020 முதல் அந்த உலாவியில் யூபிளாக் ஆரிஜின் இவ்வேடத்தைக் கலைக்கிறது. குரோமில் அவ்வசதி இல்லை. மேலும், நீட்சிகளுக்கான மேனிஃபெஸ்ட் வி3 விதிமுறைப்படி, குரோமில் ஒரு நீட்சி தன் தடுப்பு விதிகளை உலாவியிடம் முன்னரே ஒப்படைத்துவிட வேண்டும். கோரிக்கையைப் பார்த்து முடிவெடுப்பது உலாவியே.

யூடியூப் இன்னும் கடினம். அங்கே காணொளியும் விளம்பரமும் ஒரே வகை முகவரிகளிலிருந்து வருவதால், வீட்டு இணைப்பு முழுவதற்கும் டிஎன்எஸ் அளவில் காவல் நிற்கும் பை-ஹோல் என்னும் தடுப்பான் அவற்றைப் பிரித்தறிய முடியாது. காணொளி இயக்கி பெறும் தகவலுக்குள் நீட்சி புகுந்து விளம்பரக் குறிப்புகளை நீக்கினால்தான் உண்டு.