கணையம்: குறுக்கே கிடக்கும் மரம்

பெரியப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர், "கணையத்துல ஒரு கட்டி தெரியுதும்மா" என்றார். பெரியம்மா தலையை ஆட்டிக்கொண்டார். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கணைன்னா கொழந்தைங்களுக்கு வர்றதுல்ல? எழுபது வயசுல இவருக்கு எப்படிடா வரும்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. குழந்தை காய்ச்சலில் காய்ந்து மெலிந்துபோனால் கணை, கணைச்சூடு என்றுதான் எங்கள் பக்கத்துப் பாட்டிமார் சொல்வார்கள். பெரியம்மாவுக்குத் தெரிந்த கணை அது ஒன்றுதான். ஈரல் தெரியும், கிட்னி தெரியும், குடல் தெரியும். கறிக்கடையில் ஆட்டின் மண்ணீரலைக்கூடச் சுவரொட்டி என்று பேர் சொல்லிக் கேட்டு வாங்கி, ரத்தம் ஊறட்டும் என்று பேரப்பிள்ளைக்குச் சுட்டுக் கொடுப்பார். அந்தச் சுவரொட்டிக்குப் பக்கத்திலேயே வால் நீட்டிக் கிடக்கும் இன்னோர் உறுப்புக்கு அவர் அடுப்படியில் பேர் கிடையாது. பேர் தெரியாத இடத்தில் நோய் என்றால் எதைப் பற்றிக் கவலைப்படுவது? அன்று ராத்திரி அகராதியை எடுத்தேன்.

கணையம் பழைய சொல். ஆனால் பழைய இலக்கியத்தில் அது வயிற்றுக்குள் இல்லை, கோட்டை வாசலில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டையின் காவல் பொறிகளை வரிசையாக அடுக்கும் இடத்தில் "எழுவும் சீப்பும் முழுவிறல் கணையமும்" என்று வருகிறது. எழு என்ற சொல் வரும் இடங்களில் உரைகாரர்கள் 'கணையமரம்' என்று பொருள் எழுதுவார்கள். கதவைச் சாத்தியபின் பகைவர் தள்ளித் திறக்காதபடி குறுக்கே போடும் கனத்த மரம். வீரனின் தோளை 'எழுவுறழ் தோள்' என்று பாடுவதும் இந்த மரத்தை வைத்துத்தான். கணை என்றால் அம்பு என்பது எல்லோருக்கும் தெரியும். திரட்சி, திரண்டு உருண்டது என்ற பொருளும் அதற்கு உண்டு. முழங்காலுக்குக் கீழே இருக்கும் பகுதியைக் கணைக்கால் என்கிறோம். சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பெயரிலும் இருப்பது அதுவே.

இப்போது வயிற்றைப் பாருங்கள். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், வலமிருந்து இடமாகக் குறுக்கே கிடக்கிறது இந்த உறுப்பு. பெரியவர்களுக்குச் சுமார் 15 செ.மீ. நீளம், எடை 100 கிராமை ஒட்டி இருக்கும். வலது கோடியில் இருக்கும் பருத்த பகுதி தலை. அதை முன்சிறுகுடல் ஒரு கையால் அணைத்ததுபோல் வளைத்துக்கொண்டிருக்கும். பிறகு கழுத்து, உடல். இடது கோடியில் மெலிந்த வால், மண்ணீரலைத் தொட்டுக்கொண்டு. திரண்டு, நீண்டு, குறுக்கே போட்ட மரம். இந்த உறுப்புக்குக் கணையம் என்ற பெயர் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அதன் கிடையால்தான் என்பது என் வாசிப்பு.

உலகம் முழுக்க வழங்கும் பான்க்ரியாஸ் என்ற பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'பான்' என்றால் எல்லாம், 'க்ரெயாஸ்' என்றால் சதை. எலும்போ குருத்தெலும்போ இல்லாமல் முழுக்க முழுக்கச் சதையாக இருப்பது என்று பொருள். பார்த்ததைச் சொன்னார்களே தவிர, அது என்ன வேலை செய்கிறது என்று பழைய கிரேக்கருக்கு விளங்கவில்லை. பின்னால் ஓடும் பெரிய ரத்தக் குழாய்களுக்கு அணைவாக இருக்கும் மெத்தை என்றுதான் கிரேக்க மருத்துவர் கேலன் எழுதினார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அதுவே பாடம். அவர் சொன்ன வேலை தவறு. ஆனால் குழாய்கள் அங்கே ஒட்டிக்கொண்டு ஓடுவது நிஜம். அறுவை மேசையில் இன்றைக்கும் எல்லாத் தலைவலியும் அந்த இடத்தில்தான்.

இந்தி மருத்துவ வழக்கில் இது அக்னியாசயம், நெருப்பின் இருப்பிடம். சீரண நெருப்பை வைத்து வந்த பெயர். ஈழத்துப் பாடநூல்களில் சதையி. கிரேக்கப் பெயரில் இருக்கும் அதே சதை, நல்ல தமிழில். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போன என் நண்பருக்குச் சதையி என்றால் உடனே புரிகிறது, கணையம் என்றால் ஒரு நொடி யோசிக்கிறார். எனக்கு நேர்மாறு. எது சரி என்று கேட்டால், இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். ஆனால் ஒரு நோயாளிக்கு விளக்கும்போது கணையம் ஒரு படி மேலே நிற்கிறது. சதையி அது எதனால் ஆனது என்று சொல்கிறது. கணையம் அது எங்கே, எப்படிக் கிடக்கிறது என்று சொல்கிறது. இந்தப் புற்றுநோயின் கதை பாதிக்கு மேல் அது கிடக்கும் இடத்தின் கதை.

இன்னொரு பாதி அதன் குழாயின் கதை. 1642-இல் இத்தாலியின் பாதுவா நகரில் யோஹான் கியோர்க் விர்சுங் என்ற மருத்துவர், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலை அறுத்தபோது கணையத்தின் நீளத்துக்கும் ஓடும் ஒரு நாளத்தைக் கண்டார். செப்புத் தகட்டில் படம் செதுக்கி, இது என்னவாக இருக்கும் என்று ஐரோப்பாவின் பேரறிஞர்களுக்கு அனுப்பிக் கேட்டார். மறு ஆண்டு அவரை அவருடைய வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த நாளம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. உணவைச் செரிக்க வைக்கும் கணைய நீர் அதன் வழியாகத்தான் குடலுக்குப் போகிறது. 1869-இல் பெர்லின் மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ், கணையச் சதைக்கு நடுவே தீவு தீவாக வேறு வகை உயிரணுக் கூட்டங்கள் இருப்பதைப் பார்த்து எழுதினார். அவற்றில் சுரக்கும் இன்சுலினின் பெயரே 'தீவு' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இந்த வேறுபாட்டைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கணையப் புற்றுநோய் என்று பொதுவாகச் சொல்வது நாளத்து உள்வரி அணுக்களில் கிளம்புவது. பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்த வகை. தீவு அணுக்களில் வருவது வேறு. பெரும்பாலும் மெதுவாக வளரும். ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003-இல் தெரியவந்தது இரண்டாவது வகை. அவர் எட்டு ஆண்டுகள் இருந்தார். "அவருக்கும் இதுதானே" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே நோய் இல்லை. ரிப்போர்ட்டில் எது எழுதியிருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் 'ரிஸ்க் ஃபேக்டர்' என்ற சொல்லுக்குச் செய்தித்தாள்கள் 'காரணம்' என்று போட்டுவிடுகின்றன. அது சரியில்லை. இடர்க்காரணி என்பதே பொருத்தம். காரணம் என்றால் அது இருந்தால் நோய் வரும், இல்லாவிட்டால் வராது என்று ஆகிவிடும். இடர்க்காரணி வாய்ப்பைக் கூட்டுவது, அவ்வளவுதான். பெரியப்பா ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை, வந்தது. "நாம என்ன தப்பு செஞ்சோம்" என்று பெரியம்மா பல நாள் புலம்பியதற்கு இந்தச் சொல் குழப்பமும் ஒரு காரணம்.

புகைபிடிப்பவர்களுக்கு இந்த இடர் ஏறக்குறைய இரட்டிப்பு. வயது, உடல் பருமன், நாட்பட்ட சர்க்கரை நோய், நாட்பட்ட கணைய அழற்சி எல்லாம் இதில் சேரும். மது பெரும்பாலும் அழற்சி வழியாக இங்கே வந்து சேர்கிறது. பரம்பரையும் உண்டு; மார்பகப் புற்றோடு பேசப்படும் பி.ஆர்.சி.ஏ. 2 மரபணு மாற்றம் இங்கேயும் இடரைக் கூட்டும். ஐம்பது வயதுக்கு மேல், குடும்பத்தில் யாருக்கும் இல்லாத சர்க்கரை திடீரென்று வந்து, கூடவே எடையும் இறங்கினால், மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதோடு விடக்கூடாது. அப்படி வருகிறவர்களில் மிகச் சிலருக்கே கணையத்தில் கட்டி இருக்கும். அந்தச் சிலருக்குச் சர்க்கரையே முதல் தடயம்.

நம் பக்கத்தில் அதிகம் காணும் ஒன்றும் இருக்கிறது: கணையக் கல். கேரளத்தில் மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் 1960-களில் இதை விரிவாக ஆராய்ந்தார். சிறுவயதில் வயிற்றுவலி, பருவ வயதில் சர்க்கரை, வாழ வேண்டிய வயதில் சாவு என்று அவர் சுருக்கிச் சொன்ன வரி மருத்துவ மாணவர்களிடம் பிரபலம். மதுவே தொடாத, ஏழை வீட்டு இளைஞர்களின் கணைய நாளத்தில் சுண்ணாம்புக் கற்கள் அடைத்திருக்கும். மரவள்ளிக்கிழங்கின் மேல் வெகுகாலம் பழி இருந்தது. பிறகு ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது பலரிடம் தெரியவந்ததும் கிழங்கின் மேலிருந்த சந்தேகம் வலுவிழந்தது. இப்படிப்பட்டவர்களுக்குக் கணையப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று 1990-களில் சென்னையின் வி. மோகன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எழுதினார்கள். கணையக் கல் உள்ளவர்களுக்கு வலியின் தன்மை மாறினாலோ, திடீரென்று எடை குறைந்தாலோ, பழைய வலிதான் என்று விட்டுவிட வேண்டாம்.

சரி, ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது? கணையமரத்தை வெளியே நிற்பவன் பார்க்க முடியாது, கதவுக்கு உள்பக்கம் அல்லவா கிடக்கிறது. முன்னால் இரைப்பை மறைத்திருக்க, கையால் அழுத்தினாலும் கட்டி தட்டுப்படாது. வாலிலும் உடலிலும் வரும் கட்டி வெகுநாள் ஓசையில்லாமல் வளரும். முதுகைத் துளைக்கும் வலி வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். தலையில் வரும் கட்டி அந்த வகையில் கொஞ்சம் இரக்கமுள்ளது. பித்தநாளம் தலைப்பகுதிக்குள் புகுந்து போவதால், கட்டி அதை நெருக்கியதும் காமாலை வந்துவிடும். கண் மஞ்சள், சிறுநீர் கறுத்த டிகாக்‌ஷன் நிறம், மலம் வெளுத்த களிமண் நிறம், உடம்பெல்லாம் அரிப்பு. பலருக்கு வலி மட்டும் இருக்காது. 1890-இல் சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் கூர்வாசியே எழுதிவைத்த விதி இன்னும் செல்லும்: காமாலையோடு பித்தப்பை வலியில்லாமல் வீங்கித் தட்டுப்பட்டால், அதற்குக் கல் காரணமாக இருப்பது அரிது.

நம் ஊரில் காமாலை என்றால் கீழாநெல்லி. பெரியப்பாவும் மூன்று வாரம் காலையில் மோரில் அரைத்துக் குடித்தார்; பத்தியம் இருந்தார். அரிப்பு தாங்காமல் ராத்திரி சீப்பால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும்; அந்தப் பேர் கீழாநெல்லிக்குப் போய்ச் சேர்கிறது. அடைப்பினால் வரும் காமாலை எந்த இலைக்கும் இறங்காது. இரண்டையும் பிரித்துக் காட்ட வயிற்று ஸ்கேன் ஒன்று போதும். அந்த மூன்று வாரம் என் மனதில் இன்னும் கிடக்கிறது.

ஸ்கேனில் சந்தேகம் வந்தால், கணையத்துக்கென்றே மருந்து ஏற்றி நேரம் கணித்து எடுக்கும் சி.டி. ஸ்கேன். தேவைப்பட்டால் வாய்வழி எண்டோஸ்கோப்பி விட்டு, இரைப்பைக்குள்ளிருந்தே ஒலியலையால் பார்த்து, ஊசியால் துளி திசு எடுப்பார்கள். "சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனையைச் சிலர் தாமாகவே லேபில் கொடுத்துப் பார்த்துப் பயப்படுகிறார்கள். வெறும் காமாலையிலேயே அந்த எண் ஏறும். ரத்த வகையைப் பொறுத்துச் சிலர் உடம்பில் அந்தப் பொருள் உருவாகவே உருவாகாது. நோய் தெரிந்தபின் சிகிச்சையின் போக்கைக் கவனிக்க உதவுமே தவிர, நோயைக் கண்டுபிடிக்க அதை மட்டும் நம்ப முடியாது.

கட்டி தலையில் இருந்து, வெட்டியெடுக்க முடிந்தால் செய்வது விப்பிள் அறுவை சிகிச்சை. 1935-இல் நியூயார்க்கின் ஆலன் விப்பிள் தம் முறையை வெளியிட்டார். அவருக்கு முன்பே பெர்லினில் வால்டர் கவுஷ் 1909-இல் இரண்டு கட்டமாகச் செய்து முடித்திருந்தார். பெயர் விப்பிளுக்கு நின்றது. தமிழில் கணையத்தலை முன்சிறுகுடல் நீக்கம் என்று எழுதலாம். ஆனால் வார்டில் யாரும் அப்படிச் சொல்லப்போவதில்லை, விப்பிள் என்ற பெயரே இருக்கட்டும். கணையத் தலை, அதை அணைத்திருக்கும் முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, சிலருக்கு இரைப்பையில் கொஞ்சம், எல்லாம் ஒன்றாகப் போகும். பிறகு மிச்சக் கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் சிறுகுடலோடு தைத்து இணைக்க வேண்டும். கணையம் மென்மையான உறுப்பு, தையல் எளிதில் பிடிக்காது. அந்த இணைப்பில் கசிந்தால் கணைய நீர் சுற்றியுள்ள திசுக்களை அரித்துவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் 'கணையக் கசிவு' என்று சாதாரணமாகத் தெரியும் சொல் மருத்துவர்களின் பெரிய பயம்.

யாருக்குச் செய்ய முடியும் என்பதைத் தீர்மானிப்பவை கேலன் பார்த்த அதே ரத்தக் குழாய்கள். கணையக் கழுத்துக்குப் பின்னால் குடலுக்குப் போகும் பெரிய தமனியும், அங்கிருந்து திரும்பும் சிரையும் ஓடுகின்றன. கட்டி அந்தத் தமனியைச் சுற்றி வளைத்துவிட்டால் கத்தி வைக்க வழியில்லை. கண்டுபிடிக்கும் நேரத்தில் நேரடியாக அறுவைக்கு ஏற்ற நிலையில் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. குழாயை லேசாகத் தொட்டிருந்தால் முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு முயற்சி செய்வார்கள்.

எங்கே செய்துகொள்வது என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அமெரிக்காவில் 2002-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், கணைய அறுவை மிக அரிதாக நடக்கும் மருத்துவமனைகளில் நூற்றுக்கு 16.3 பேர் இறந்தார்கள். மிக அதிகமாக நடக்கும் இடங்களில் 3.8 பேர். "இங்கே வருஷத்துக்கு எத்தனை விப்பிள் செய்றீங்க" என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். அறுவைக்குப் பிந்தைய கீமோவும் முன்னேறியிருக்கிறது. 2018-இல் வெளிவந்த பிரெஞ்சு, கனடிய ஆய்வில், பழைய மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் 35 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள்; புதிய கூட்டு மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் 54 மாதத்துக்கு மேல் இருந்தார்கள். அந்த மருந்தைத் தாங்கும் உடல்பலம் உள்ளவர்களுக்குத்தான் இது.

பெரியப்பாவுக்குக் கட்டி தமனியை வளைத்திருந்தது. அறுவை இல்லை. பித்தநாளத்தின் அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்தார்கள். நாலு நாளில் அரிப்பு நின்று, தூங்கினார். பார்க்க வந்த எதிர்வீட்டு அக்கா, "என்னமோ கணைங்கறாங்களே" என்று இழுத்தார்.

பெரியம்மா தன் வலது முழங்கையை மடக்கி, கையை வயிற்றுக்குக் குறுக்கே படுக்க வைத்துக் காட்டினார்.

"கணை இல்ல. கணையம். இங்க, எரப்பைக்குப் பின்னால, குறுக்கால கெடக்குது."