பழைய காரில் மிஸ்ஸிங்கா? கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி வண்டிகளை ஆசையாக வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் முதலில் சொல்வது அநேகமாக இதுதான்: "ஸ்லோவில் குலுங்குது, மிஸ்ஸிங் இருக்கு, கார்புரேட்டரை ரெண்டு தடவை கழட்டி சுத்தம் பண்ணியாச்சு, அப்பவும் சரியாகலை." மிஸ்ஸிங் என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் விட்டுப்போவது; ஸ்லோ என்றால் ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் மெதுவாக ஓடுவது; கார்புரேட்டர் பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது. அப்படிக் கழற்றிய கார்புரேட்டரைப் பார்த்தால் மனசு கஷ்டமாகிவிடுகிறது. பல வருடம் ஒழுங்காக உழைத்த பித்தளை ஜெட்டை (பெட்ரோல் வரும் சின்னத் துளை) ஸ்க்ரூடிரைவர் சுரண்டியிருக்கும், எல்லா ஸ்க்ரூவையும் திருப்பி வைத்திருப்பார்கள், கோளாறு வேறெங்கேயோ அப்படியே உட்கார்ந்திருக்கும். முதலில் வால்வும் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்), அப்புறம் இக்னிஷன் (பிளக்கில் நெருப்பு உண்டாக்கும் பகுதி), எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே கார்புரேட்டர். இந்த வரிசை மாறினால் பணமும் போகும், இப்போது கிடைக்காத ஒரிஜினல் பாகங்களும் போகும்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் எப்போது மிஸ் ஆகிறது என்று கவனியுங்கள். காலையில் மட்டுமா, அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகா, மேடு ஏறும்போதா, சிக்னலில் நிற்கும்போது மட்டுமா? சூடான பிறகு வந்து, ஆறினதும் தானாகச் சரியானால் இக்னிஷனில் இருக்கும் காயில், கண்டென்சர் மேல்தான் முதல் சந்தேகம் போக வேண்டும். வெயில் காலமென்றால் லைனில் பெட்ரோல் கொதித்து ஆவியாவதும் இதே மாதிரி காட்டும். ஸ்லோவில் குலுங்கி, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் பட்டுப்போல ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது டேப்பட் (வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவே விடும் இடைவெளி) இறுகியிருக்கிறது. மேட்டில் மட்டும் திணறினால் பிளக்கில் நெருப்பு பலவீனம், இல்லையென்றால் பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை. இந்த ஒரு தகவலைச் சரியாகச் சொன்னாலே உங்கள் மெக்கானிக்குக் கால்வாசி வேலை குறையும். இன்னொன்று, சைலன்சர் வாய்க்குப் பின்னால் கையைக் காட்டிப் பாருங்கள். புகை சீராகத் துடிக்கிறது, ஆனால் வண்டி மட்டும் ஆடுகிறது என்றால் இன்ஜினில் குறையே இல்லாமல் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் செத்துப்போயிருக்கலாம்.

அடுத்து எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது, ரப்பர் கைப்பிடி போட்ட இடுக்கியால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டுங்கள். பாயின்ட் செட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) இருக்கும் வண்டிக்குத்தான் இந்த முறை. எலக்ட்ரானிக் கிட் மாற்றியிருந்தால் இப்படிச் செய்யாதீர்கள், கிட் போய்விடும். பெட்ரோல் வாடை அடித்தாலும் கிட்டவே போக வேண்டாம். எந்த ஒயரை எடுக்கும்போது இன்ஜின் சத்தம் மாறவே இல்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யாமல் இருக்கிறது.

அம்பாசடரில் வந்த பழைய 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜினில் இந்தச் சோதனை இன்னும் நிறைய சொல்லும். நான்கு சிலிண்டருக்கும் ஹெட்டில் இன்லெட் வழி இரண்டுதான். 1-ம் 2-ம் ஒரு வழியில் மூச்சு விடும், 3-ம் 4-ம் இன்னொன்றில். அதனால் நெருப்பு நன்றாக இருந்தும் 1, 2 சேர்ந்து பலவீனமாக இருந்தால் மேனிஃபோல்டு (ஹெட்டில் பொருந்தும் குழாய்) கேஸ்கட்டில் அந்தப் பக்கம் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். 2, 3 சேர்ந்து செத்திருந்தால் அவற்றின் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம், கம்ப்ரஷன் கேஜ் போட்டால் இரண்டும் ஒன்றாகக் குறைவாகக் காட்டும். அப்புறம் ஒயர் மாறி மாட்டியிருப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிளக்குகளுக்கு நெருப்பைப் பகிரும் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். வேறு வண்டியில் பழகின கை கடிகாரத் திசையில் மாட்டிவிட்டால் எவ்வளவு டியூன் செய்தாலும் மிஸ்ஸிங் நிற்காது.

இப்போது வால்வு. அம்பாசடர்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அதற்கு முந்தைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்குப் பாதுகாப்பாக இருந்தது அந்த ஈயம்தான். அது இல்லாமல் நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் அந்த இடம் மெல்லத் தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் மேலேறும், டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே போகும். "என் வண்டியில் டேப்பட் சத்தமே கிடையாது" என்று பெருமையாகச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பயம்தான் வரும். கொஞ்சம் சத்தம் போடும் டேப்பட்டால் பெரிய கேடில்லை, சத்தமே இல்லாதது வால்வை முழுக்க மூடவிடாமல் எரித்துவிடும். இந்த இன்ஜினுக்குச் சூட்டில் 0.015 அங்குலம் வைப்போம். மாடலுக்கு மாடல் மாறலாம், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு வால்வு இருப்பதால் ஒன்பது கணக்கு உதவும்: 8-ஆம் வால்வு முழுக்க அமுங்கியிருக்கும்போது 1-ஐச் சரிசெய்யுங்கள், 6 அமுங்கும்போது 3-ஐ, கூட்டினால் எப்போதும் ஒன்பது வர வேண்டும்.

டேப்பட் வைத்த பிறகே கம்ப்ரஷன் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கேஜ் காட்டுவதை நம்ப முடியாது. இன்ஜின் சூடாக, நான்கு பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் முழுக்க அமுக்கி. எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட இருக்கிறதா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். கேஜ் இல்லையா? ஸ்லோவில் ஓடும்போது சைலன்சர் வாயில் ஒரு காகிதத் துண்டைத் தொங்க விடுங்கள். வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியது நடுநடுவே உள்ளே இழுபட்டால் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்கலாம்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்கள். பாயின்ட் இடைவெளி 0.015, பிளக் இடைவெளி 0.025 அங்குலம், இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பலர் பார்க்காமல் விடுவது மூன்று. ஒன்று ஷாஃப்ட். ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது, அப்போது எவ்வளவு துல்லியமாகப் பாயின்ட் வைத்தாலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு இடைவெளிதான் வரும். இரண்டு, உள்ளே பாயின்ட் தட்டிலிருந்து பாடிக்குப் போகும் சின்ன எர்த் ஒயர். வேக்குவம் அட்வான்ஸ் (இன்ஜின் உறிஞ்சலால் நெருப்பு நேரத்தை மாற்றும் அமைப்பு) தட்டை அசைக்க அசைக்க அந்த இழைகள் உள்ளுக்குள் அறுந்திருக்கும், மேலே உறை மட்டும் முழுசாகத் தெரியும். ஆக்சிலரேட்டரை விடும்போதும் கொடுக்கும்போதும் மட்டும் வெட்டுகிற வண்டியில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்த ஒயரைத்தான். மூன்றாவது கண்டென்சர். பாயின்ட் முகம் சீக்கிரமே கருகி நீலம் பூத்திருந்தால் பாயின்ட்டை மட்டும் மாற்றிப் புண்ணியமில்லை.

"கண்டென்சர் போன மாசம்தான் புதுசு போட்டேன்" என்பதால் அது நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். இப்போது கடையில் கிடைக்கும் ரோட்டரும் கண்டென்சரும் பழைய தரத்தில் வருவதில்லை என்பதே என் அனுபவம். சில புது ரோட்டர்களில் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆழமாக இறங்கி, அதன் வழியே நெருப்பு ஷாஃப்ட்டுக்கே பாய்ந்துவிடும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய பாகத்தைக் கழற்றினால் தூக்கிப் போடாதீர்கள், எண்ணெய்த் துணியில் சுற்றி டிக்கியில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். பிளக், பாயின்ட், கண்டென்சர், ஒயர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது கோளாறு என்பதும் தெரியாது, புதிதாக ஒரு கோளாறும் சேர்ந்துவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் பெட்ரோல் பக்கம். எஸ்யூ கார்புரேட்டர் என்றால் மேலே டாஷ்பாட்டில் (உள்ளிருக்கும் பிஸ்டன் சட்டென்று ஏறாமல் தடுக்கும் குழி) ஆயில் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் ஒரு தயக்கம் வரும். இன்ஜினை நிறுத்தி, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தூக்கிவிட்டால் 'டக்' என்று விழ வேண்டும். ஓடும்போது அதையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இறங்கி அணையப் போனால் குறைவு, லேசாக ஏறி அடங்கினால் சரி. இவ்வளவு சோதனையும் எதையும் கழற்றாமலே செய்யலாம்.

கடைசியாக ஹோஸ். 2025-க்குள் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. இந்த வண்டிகளின் பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை இல்லை. உள்பக்கம் உப்பி உதிர்ந்து, துகள் போய் ஜெட்டை அடைக்கும்; அது தரும் மிஸ்ஸிங்கைவிடப் பயங்கரம், வெடித்த ஹோஸிலிருந்து சொட்டும் பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் விழுவது. எத்தனால் தாங்கும் என்று அச்சிட்ட ஹோஸாகக் கேட்டு வாங்கி, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை மொத்தமும் மாற்றுங்கள், கிளிப்பும் புதிதாகப் போடுங்கள். மாற்றிய ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவி ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஷெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்குச் சாவியைத் திருப்பாதீர்கள், பேட்டரி ஒயரையும் தொடாதீர்கள். ஷெட் கதவை முழுக்கத் திறந்து வைத்து, வாடை போகும்வரை காத்திருந்து, வண்டியைக் கையால் தள்ளி வெளியே நிறுத்திய பிறகு ஒழுகல் எங்கே என்று தேடுங்கள்.