பி மைனர்ங்கறது ராகம் இல்லீங்க, கட்டை

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கோட ‘பாடினரி’ங்கற சின்ன உருப்படிய மரக்குழல்ல வாசிச்ச ரெக்கார்டிங் ஒண்ணு கேட்டேன். ஒன்றரை நிமிஷ சமாச்சாரம், பழைய செல்போன்ல ரிங்டோனா கத்துமே அதேதான். கீழ தமிழ்ல விளக்கம் போட்டிருந்தாங்க: ‘பி மைனர் ராகம், சோக ரசம், துரித தாளம்’. மூணும் தப்பு. இத எத்தனாவது தடவ பாக்குறேன்னு எனக்கே கணக்கு இல்ல.

தாளத்த சீக்கிரம் முடிச்சிடலாம். ‘டெம்போ’ங்கற சொல்ல, அதாவது வேகத்த, தாளம்னு ஆக்கிட்டாங்க. டெம்போன்னா இத்தாலியன்ல காலம், நம்மகிட்ட காலப்பிரமாணம்னு நல்ல சொல்லே இருக்கு. ஆதி தாளத்த சவுக்கமாவும் வாசிக்கலாம், துரிதமாவும் வாசிக்கலாம், தாளம் அதேதான். சோகமும் இல்ல. பாடினரின்னா பிரெஞ்சுல கேலி, சீண்டல். மைனர்னு பாத்த உடனே அழுகாச்சின்னு எழுதிடுறாங்க.

இப்ப ‘கீ’, ராகம்னு அவங்க மாத்தி எழுதின சொல். லத்தீன்ல கிளாவிஸ், திறவுகோல். இடைக்காலத்துல சுரத்த குறிக்கிற எழுத்துக்கு அந்தப் பேரு, அப்புறம் ஆர்கன்ல விரல் வைக்கிற கட்டைக்கும் அதே பேரு. அவ்வளவுதான் கதை.

இத ராகம்னு சொல்றவங்கமேலதான் எனக்குக் கோவம். ராகம்னா ஆரோகணம், அவரோகணம், கமகம் (சுர அசைவு), பிடி (அந்த ராகத்துக்கே உரிய சுரக் கோவை)ன்னு ஒரு முழு ஆளு. மைனர்ங்கறது வெறும் சுர வரிசை, நம்ம நடபைரவி இல்லன்னா கீரவாணி மேளத்தோட ஏழு சுர வரிசை மாதிரின்னு வேணா சொல்லிக்கலாம். அதுவும் அந்த ‘பி’ங்கறது சட்ஜம், அதாவது ஆதார ‘ஸ’, எங்க நிக்குதுன்னு சொல்ற சேதி, ராகத்துல அது கிடையவே கிடையாது, கல்யாணிய ஒரு கட்டை சுருதிலயும் பாடலாம் அஞ்சு கட்டை சுருதிலயும் பாடலாம். சரி, சுருதின்னு வச்சுக்கலாமான்னா, கச்சேரில சுருதி நடுவுல நகராது, ஆனா பாடினரி மொத பாதி முடியறப்ப சட்ஜமே எஃப் ஷார்ப்புக்கு, அதாவது நாலரைக் கட்டைக்கு, குடி போயிடுது.

தனித்தமிழ்க்காரங்க ‘திறவுகோல்’ங்கறாங்க. அது இன்னும் மோசம். பரோக் குழல்ல, அதாவது பாக் காலத்து மரக்குழல்ல, ஒரே ஒரு உலோக கீ இருக்கும், வலது சுண்டு விரலால அழுத்துறது, டி ஷார்ப்புக்காக. அத ஒருத்தர் ‘ஒரே திறவுகோலில் மட்டும் வாசிக்கக்கூடிய குழல்’னு மொழிபெயர்த்திருந்தார்! பூட்டுக் கடைல வாங்கினாரோ என்னவோ.

ஆர்மோனியம் வாசிக்கிற யாரையாவது கேட்டிருந்தா ஒரே நிமிஷத்துல சொல்லியிருப்பாங்க. சி ஒரு கட்டை, டி ரெண்டு, பி ஏழு கட்டை. கட்டைன்னா நிஜமாவே அந்த விரல் வைக்கிற கட்டைதான், கீங்கற சொல் நடந்த அதே வழில இதுவும் நடந்து வந்திருக்கு, யாரும் கமிட்டி போட்டு உருவாக்கல. அதனால ‘ஏழு கட்டை, மைனர்’னு எழுதுங்க, போதும். மைனர தமிழாக்கணும்னு எனக்கு ஆசையே இல்ல. சினிமா ஸ்டுடியோல ‘என்ன ஸ்கேல்?’னு கேக்குறாங்களே, அதுகூட ராகத்துக்குத் தேவலாம்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கு. பரோக் குழல்காரங்க பலரும் ‘ஏ’ங்கற சுரத்த 440 ஹெர்ட்ஸ்ல வைக்காம 415ல வைப்பாங்க, அரைக் கட்டை கீழ. எழுதியிருக்கறது ஏழு, காதுல விழறது ஆறரை. நானும் தம்புரா ஆப்ப ஏழுல போட்டு கூட ஓடவிட்டேன், ஒட்டவே இல்ல. ஆறரைக்கு இறக்குனதும் கச்சிதமா உக்காந்துச்சு. மொத பாதி முடியற இடத்துல சட்ஜம் நழுவிச்சு பாருங்க, ஆப்ப அணைச்சுட்டேன்.