துருப்பிடித்த ஆணியும் நர்ஸம்மாவின் பதிவேடும்

காலில் ஆணி குத்தினால் நம் ஊரில் முதல் கேள்வி, "டி.டி. போட்டாச்சா?" என்பதுதான். பழியெல்லாம் துருவின் மேல் விழும். உண்மையில் டி.டி. ஊசி தடுக்கும் ரண ஜன்னிக்கும் (டெட்டனஸ்) துருவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மண்ணிலும் சாணத்திலும் விதைபோல் உறங்கும் ஒரு கிருமி, காற்றுப் படாத ஆழமான காயத்துக்குள் போனதும் விழித்து நஞ்சைச் சுரக்கிறது. மிகச் சிறிய அளவே ஆளைச் சாய்த்துவிடும். அந்த அளவு, உடம்புக்குப் பாடம் கற்பிக்கக்கூடப் போதாது; அதனால் நோய் வந்து பிழைத்தவரும் ஊசி போட்டே ஆகவேண்டும்.

தட்டம்மை என்றால் கதை வேறு. அது ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவது. ஊரில் கிட்டத்தட்ட எல்லோரும் போட்டிருந்தால், போடாத குழந்தையும் தப்பிக்க வழி உண்டு. ரண ஜன்னி மண்ணிலிருந்து வருகிறது. தெருவே ஊசி போட்டிருந்தாலும், போடாத ஒருவருக்கு அதனால் ஒரு காசுக்குப் பயனில்லை. ஆள் ஆளாகத் தேடிப்பிடித்துப் போடவேண்டிய ஊசி இது.

ஒருமுறை போட்டால் போதாதா? ஊசியில் இருப்பது வீரியம் நீக்கிய நஞ்சு. அதை அடையாளம் கண்ட பி செல்கள் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) பெருகி எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கின்றன. சுரக்கும் செல்களில் பெரும்பாலானவை சில வாரங்களில் மடிய, கொஞ்சம் மட்டும் எலும்பு மஜ்ஜையில் குடியேறுகின்றன. வருடங்கள் போகப்போக ரத்தத்தில் புரதத்தின் அளவு இறங்கிக்கொண்டே வரும். ஆனால் நினைவு செல்கள் மிச்சமிருக்கும். அடுத்த ஊசியைக் கண்டதும் அவை சில நாட்களிலேயே அளவை ஏற்றிவிடும். 6, 10, 14 வாரங்களில் தொடங்கி, ஒன்றரை வயது, 5 வயது, 10, 16, பிறகு கர்ப்ப காலம் என்று அட்டவணை நீள்வது இதனால்தான். (முன்பு டெட்டனஸுக்கு மட்டும் இருந்த ஊசியில் இப்போது தொண்டை அடைப்பானுக்கும் மருந்து உண்டு. நம் பேச்சில் இரண்டுமே டி.டி.தான்!)

இத்தனை தேதிகளையும் யார் ஞாபகம் வைத்திருப்பது? சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர். அவருடைய பதிவேடுதான் ஊரின் ஞாபகம். புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் ஐஸ் பேக்குகளை வெளியே எடுத்துவைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை அவர் காத்திருக்க வேண்டும். வெயில்தான் மருந்துக்கு எதிரி என்று நினைப்போம். டி.டி.க்கு உறைவதும் கேடு: அதிலுள்ள அலுமினிய உப்பு திரிந்துபோய் மருந்து வீணாகும். 2 முதல் 8 டிகிரி வரை என்பது இரண்டு பக்கமும் வேலி.

பக்கத்தில் ஊசி கிடைப்பது எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழ்நாடு பட்டுத் தெரிந்துகொண்டது. 2008இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் 4 குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு கிராமங்களில் போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். பயந்த நேரத்தில் அது நியாயமான முடிவாகவே தெரிந்திருக்கும். ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு பஸ் ஏறுவது எல்லோராலும் முடிகிற காரியமா? தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06இல் சுமார் 81 சதவீதம். 2015-16இல் சுமார் 70. சரிவுக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். தூரத்துக்கும் அதில் பங்குண்டு.

கர்ப்பிணிக்குப் போடும் ஊசியின் புரதம் நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்கும் போய்ச் சேர்கிறது. தொப்புள்கொடி வழியாக வரும் ஜன்னியை இந்தியா 2015இல் ஒழித்ததில் அந்த ஊசிக்குப் பெரும் பங்கு உண்டு.

பெண்கள் இப்படிக் கர்ப்ப காலத்தில் மறுபடி பதிவேட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். ஆண்கள் 16 வயதோடு வெளியேறியவர்கள்தான். நாற்பது வயதில் வயலில் மண்வெட்டி காலில் பட்டு வருபவரிடம் மருத்துவர் கேட்கிறார்: "கடைசியா எப்போ போட்டீங்க?" அவர் மனைவியைத் திரும்பிப் பார்க்கிறார்.